அரசு வக்கீல் பேசியது ஒப்பந்த மீறலா? தண்டனை நாள் பதிவை வாசித்து முடிவுக்கு வரும் முறை

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில், அரசு தரும் சில வாக்குறுதிகளுக்கு ஈடாக ஒப்பந்தம் போட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் மேல்முறையீட்டுக் கோப்பு முதன்முறை கைக்கு வரும்போது பெரும்பாலோர் செய்வது இதுதான்: தண்டனை நாள் டிரான்ஸ்கிரிப்டை (அன்று பேசியதன் சொல்லுக்குச் சொல் பதிவு) திறந்து, அரசு வக்கீல் பேசிய பக்கத்துக்கு நேரே தாவுவார்கள். கடுமையான வார்த்தை நாலு கண்ணில் பட்டதும் ஓரத்தில் ‘மீறல்’ என்று எழுதிவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் கோப்பில் பதினோரு பக்கம் குறிப்பு எழுதி முடித்த பிறகுதான் ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தியைப் பார்த்தேன். சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையையும் கேட்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு என்று அதில் தெளிவாக இருந்தது. பதினோரு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த புதியவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அதனால்தான் கீழே படிகளின் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் ‘பிளீ பார்கெயினிங்’ (குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம்) முறையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அங்கே ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அது கிடையாது; தண்டனைக் கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே எல்லாமே இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்கிறது.

1. கோப்பு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்

ஆறு ஆவணம் வேண்டும்: ஒப்பந்தம், குற்றத்தை ஒப்புக்கொண்ட நாளின் டிரான்ஸ்கிரிப்ட், நன்னடத்தை அலுவலர் தயாரித்த தண்டனைக்கு முந்தைய அறிக்கை, அதன் மீதான இரு தரப்பு ஆட்சேபணைகள், தண்டனை குறித்த எழுத்துப்பூர்வ வாதங்கள், கடைசியாகத் தண்டனை நாள் டிரான்ஸ்கிரிப்ட். ஒப்பந்தத்துக்கு முத்திரையிட்ட (பொதுப் பார்வைக்கு மூடிய) துணை ஆவணம் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். விசாரணைக்கு உதவுவதாகச் சொன்ன கட்சிக்காரர்களின் விஷயத்தில் முக்கியமான வாக்குறுதிகள் சில சமயம் அதில்தான் இருக்கும்.

ஒப்புக்கொண்ட நாளின் டிரான்ஸ்கிரிப்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்று நீதிபதி கேட்க, அரசு வக்கீல் ஒப்பந்தத்தின் சாரத்தைத் தன் வாயால் சொல்கிறார். கட்சிக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். காகிதத்தில் மங்கலாக இருக்கும் ஒரு வரி அன்று எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கையோடு நாட்களையும் எண்ணிவிடுங்கள். தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். வாதம் தயாராகவில்லை என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். அறிவிப்பு வெறும் ஒரு பக்கம். வாதத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

2. ஒப்பந்தம் எந்த வகை என்று குறியுங்கள்

மத்தியக் குற்றவியல் நடைமுறை விதி 11(சி)(1) மூன்று வகையைச் சொல்கிறது. ‘ஏ’ வகையில் சில குற்றச்சாட்டுகளைக் கைவிடுவதாக அரசு ஒப்புக்கொள்கிறது. ‘பி’ வகையில் ஒரு தண்டனையைப் பரிந்துரைப்பதாகவோ, எதிர்த்தரப்பு (அதாவது கட்சிக்காரர் தரப்பு) கேட்பதை ஆட்சேபிப்பதில்லை என்றோ சொல்கிறது. இது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ‘சி’ வகையில் குறிப்பிட்ட தண்டனையோ வரம்போ எழுதப்படும். நீதிபதி ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டால் அதிலிருந்து விலக முடியாது.

வகையை ஏன் முதலில் பார்க்கவேண்டும்? ‘பி’ வகையில் நீதிபதி பரிந்துரையை மதிக்காமல் கூட்டிக் கொடுத்தார் என்பதற்காகக் கட்சிக்காரர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது. இதை நீதிபதி முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருப்பார். குடும்பத்தினர் பெரும்பாலும், ‘நாலு வருஷம் என்று சொன்னார்களே, ஆறு வருஷம் கொடுத்துவிட்டார்களே, இது துரோகம் இல்லையா?’ என்றுதான் கேட்பார்கள். நீதிபதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்பு இல்லை. அரசு தான் சொன்னபடி நாலு வருஷத்தை ஒழுங்காகக் கேட்டதா என்பது மட்டுமே உங்கள் கேள்வி.

3. வாக்குறுதியின் வினைச்சொல்லைப் பிடியுங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. ஒரு தாளை எடுத்து, அரசு என்னென்ன செய்வதாக அல்லது செய்யாமலிருப்பதாக எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு வினைச்சொல்லாகப் பிரித்து எழுதுங்கள். ‘பரிந்துரைப்போம்’, ‘ஆட்சேபிக்க மாட்டோம்’, ‘எந்த நிலையும் எடுக்க மாட்டோம்’, ‘வரம்புக்கு மேல் கேட்க மாட்டோம்’ எல்லாம் கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எது மீறல் என்ற அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

‘எந்த நிலையும் எடுக்க மாட்டோம்’ என்று எழுதிக்கொடுத்தால் வாதமே கூடாது. 1971-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த சான்டோபெல்லோ வழக்கு இப்படிப்பட்டதுதான். பரிந்துரை எதுவும் செய்வதில்லை என்று ஒரு அரசு வக்கீல் சொல்லியிருந்தார். தண்டனை நாளில் வேறொருவர் வந்து, பழைய பேச்சு தெரியாமல், அதிகபட்சமான ஓராண்டைக் கேட்டார். முன்னவர் சொன்னது பின்னவருக்குத் தெரியாது என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் அலுவலகத்தின் இடது கை செய்வது வலது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க் மாநில வழக்கு என்பதால் மாநில நீதிமன்றங்களுக்கும் அதுவே அடிப்படை.

‘பரிந்துரைப்போம்’ என்பது வேறு. 1985-இன் பெஞ்சிமால் வழக்கில் சிறையில்லாத நன்னடத்தைக் காலத்தையும் இழப்பீட்டையும் பரிந்துரைப்பதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் அது தவறாகப் பதிவாகியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து திருத்த, அரசு வக்கீல் ‘அவர் சொல்வது சரிதான்’ என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஆறு ஆண்டு கொடுத்தார். இது மீறல் இல்லை என்றது சுப்ரீம் கோர்ட். உற்சாகத்தோடு பேசவேண்டும், காரணம் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, அரசுக்கு அந்தக் கடமை இல்லை.

ஆகவே ‘சும்மா ஒப்புக்குச் சொன்னார், மனசோடு சொல்லவில்லை’ என்பது மட்டும் வாதமாகாது. புதியவர்கள் அதிகம் எழுதும் வாதம் அதுதான், அதிகம் தோற்பதும் அதுதான்.

அடுத்து, அரசு தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட உரிமைகளைத் தனியே எழுதுங்கள். ‘எல்லா உண்மைகளையும் நீதிமன்றத்தின் முன் வைக்கும் உரிமை அரசுக்கு உண்டு’ என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அது உண்மைகளை வைக்கும் உரிமை. அவற்றைக் கொண்டு கூடுதல் தண்டனை கேட்கும் உரிமையும் அதில் அடங்குமா என்பது அந்த வரியின் வார்த்தைகளைப் பொறுத்தது. மங்கலாக இருந்தால் அரசுக்கு எதிராகவே பொருள் கொள்ளவேண்டும் என்பது பொதுவான வழக்கம்: எழுதியது அரசு, கட்சிக்காரர் விட்டுக்கொடுத்ததோ ஜூரி விசாரணை உரிமையை.

4. டிரான்ஸ்கிரிப்டை இப்போது திறங்கள்

ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இதை அவராகச் சொன்னாரா, இல்லை ஏதோ ஒன்றுக்குப் பதிலாகச் சொன்னாரா? இது எந்த எண்ணை நோக்கித் தள்ளுகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி.

நானே புனைந்த ஓர் உதாரணம் பாருங்கள். வழிகாட்டு வரம்பு (தண்டனை வழிகாட்டு நெறிகளின் கணக்குப்படி வரும் மாத வரம்பு) 46 முதல் 57 மாதம். கீழ் எல்லையைப் பரிந்துரைப்பதாக அரசு எழுதிக்கொடுத்திருக்கிறது. தண்டனை நாளில் அரசு வக்கீல் பேசுகிறார்:

‘ஒப்பந்தப்படி அரசு 46 மாதத்தைப் பரிந்துரைக்கிறது. ஆனால் இவருடைய பழைய வழக்குகளைப் பார்க்கும்போது எங்களுக்குக் கவலை எழாமல் இல்லை. இவரிடம் சேமிப்பை இழந்த முதியவர்கள் இன்னும் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். குறைந்தபட்சம் 46 மாதமாவது அவசியம்.’

முதல் வாக்கியம் வாக்குறுதியை நிறைவேற்றுகிறது. இரண்டாவதில் ‘ஆனால்’ வருகிறது. அந்தச் சொல்லுக்கு வட்டம் போடுங்கள். பரிந்துரைக்குப் பின் வரும் ‘ஆனால்’, ‘இருந்தாலும்’, ‘ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்றாலும்’ எல்லாம் நீதிபதியின் காதில் கண்சிமிட்டல் மாதிரி விழும். 1974-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ‘வட்டம்’ வாரியாகப் பிரிந்திருக்கின்றன) பார்த்த பிரவுன் வழக்கில், பரிந்துரை குறித்து நீதிபதி கேட்டதற்கு, தனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். மீறல் என்று முடிவானது. அரைமனசோடு சொல்வதற்கும், பரிந்துரையில் தனக்கு நம்பிக்கையில்லை என்று காட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

மூன்றாவது வாக்கியத்துக்குச் சட்டென்று தீர்ப்பு சொல்லாதீர்கள். முன்பக்கம் புரட்டிப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் 30 மாதம் போதும் என்று வாதாடியிருந்தால், முதியவர்களின் நிலையைச் சொல்லி 46-ஐத் தாங்கிப் பிடிப்பது அரசின் உரிமை. அவரும் 46-தான் கேட்டார் என்றால் இந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை. இருவரும் ஒரே எண்ணைக் கேட்கும்போது சொல்லப்படும் கடுமை மேல்நோக்கி மட்டுமே தள்ள முடியும்.

நான்காவதில் ‘குறைந்தபட்சம்’. 2004-இல் முதல் வட்டம் தீர்த்த கான்ஸி வழக்கில் ஏறக்குறைய இதே சொல்தான் அரசை மாட்டிவிட்டது. ஓர் எண்ணைக் கேட்பதாக ஒப்புக்கொண்டவர் அதையே தரைமட்டம்போலப் பேசினால், கூரை எங்கே என்று நீதிபதி தேடத் தொடங்கிவிடுவார்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் குறித்த பிறகு மொத்தப் பேச்சையும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். நீதிமன்றங்கள் பேச்சின் ஒட்டுமொத்த விளைவைத்தான் பார்க்கின்றன. 1992-இன் கனடா வழக்கில் (அது கட்சிக்காரரின் பெயர், நாடு இல்லை) 36 மாதம் பரிந்துரைக்க வேண்டிய அரசு வக்கீல் ஒப்பந்தம் இருப்பதைக் குறிப்பிட்டார். ஆனால் நீண்ட சிறை வேண்டும் என்ற தொனியிலேயே பேசினார். வாயளவில் ஒப்பந்தத்தைச் சொல்வது போதாது என்றது நீதிமன்றம். 2005-இன் வவால் வழக்கில், வரம்புக்கு மேல் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்ட அரசு, கட்சிக்காரரின் பழைய குற்றங்களைக் கண்டித்து, அவருடைய வருத்தம் உண்மைதானா என்றும் சந்தேகம் கிளப்பியது. அதுவும் மீறலே.

5. அரசு பேசியே ஆகவேண்டிய இடங்களைக் கழியுங்கள்

நீதிபதி நேரடியாகக் கேட்ட உண்மைக்குப் பதில் சொல்வதும், எதிர்த்தரப்பு தவறாகச் சொன்னதைத் திருத்துவதும் மீறல் ஆகாது. நீதிமன்றத்திடம் எதையும் மறைக்கக்கூடாது என்ற கடமை அரசுக்கு உண்டு. அதை ஒப்பந்தம் போட்டு விலக்கிவிட முடியாது. இவற்றைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். அடிக்காமல் வாதத்தில் சேர்த்தால், உங்கள் பலமான இரண்டு வாக்கியமும் பலவீனமான எட்டின் கூட்டத்தில் காணாமல் போகும்.

ஆனால் ‘உண்மையைத்தானே சொன்னோம்’ என்று அரசு சொல்லும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த உண்மை நீதிபதி முன் ஏற்கெனவே இருந்ததா? 2014-இல் ஒன்பதாம் வட்டம் தீர்த்த ஹெரேதியா வழக்கில் ஆறு மாதம் பரிந்துரைக்க ஒப்பந்தம். அரசோ தன் எழுத்து வாதத்தில் கட்சிக்காரரின் பழைய குற்றங்களைச் சூடாக வர்ணித்தது. அவை எல்லாம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் முன்பே இருந்தவை. புதிதாக எதையும் தெரிவிக்காத பேச்சுக்கு நீதிபதியைக் கோபப்படுத்துவதைத் தவிர வேறு நோக்கம் இருக்க முடியாது. அறிக்கையின் பத்தி எண்ணையும் அரசு வக்கீல் பேசிய வரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். என் அனுபவத்தில் வாதத்திலேயே உருப்படியான பக்கம் அதுதான்.

6. வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள்

ஹெரேதியாவில் மீறல் நடந்தது காகிதத்தில். தண்டனை நாளன்று அரசு வக்கீல் பசுவைப்போல நின்றிருக்கலாம். எழுத்து வாதம், இணைப்புகள், அறிக்கை மீதான ஆட்சேபணைகள் எல்லாவற்றையும் நான்காம் படிபோலவே வடிகட்டுங்கள்.

பாதிக்கப்பட்டோரின் அறிக்கைகளில் கவனம் தேவை. தண்டனை விதிக்கப்படும் வழக்கிலேயே பாதிக்கப்பட்டவர் என்றால், பேசும் உரிமை அவருடையது. அதை அரசின் கணக்கில் எழுத முடியாது. 1999-இன் ஜான்சன் வழக்கு வேறு மாதிரி: கீழ் எல்லையைப் பரிந்துரைக்க ஒப்புக்கொண்ட அரசு, முந்தைய குற்றம் ஒன்றில் பாதிக்கப்பட்டவரின் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தது. அதை மீறலாகவே கண்டது ஒன்பதாம் வட்டம்.

வழிகாட்டுக் கணக்கையும் பாருங்கள். போதைப்பொருளின் எடையோ இழப்பின் தொகையோ இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஏற்றிருக்கலாம். அலுவலரின் அறிக்கை அதைவிடக் கூட்டிச் சொல்லலாம். அப்போது அரசு அறிக்கையின் பக்கம் சாய்ந்து வாதாடினால் அது உங்களுக்கான இடம். கட்சிக்காரர் ஒத்துழைத்தபோது தானே சொன்ன தகவலை அவருக்கு எதிராகக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற உறுதி இருந்தால், வழிகாட்டு நெறி 1பி1.8-ஐயும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. கட்சிக்காரர் முதலில் மீறினாரா?

இதைக் கேட்கவே பலருக்குக் கூச்சம். கேட்காமல் விட்டால் அரசின் பதில் மனுவில்தான் தெரியவரும். ஒப்புக்கொண்ட பின் ஜாமீன் நிபந்தனையை மீறினாரா, புது வழக்கில் மாட்டினாரா, அலுவலரிடம் பொய் சொன்னாரா? கட்சிக்காரர் மீறினால் அரசின் கடமை விலகும் என்று ஒப்பந்தமே சொல்லியிருக்கும்.

ஆனால் ‘அவர் மீறிவிட்டார்’ என்று அரசு தானே முடிவு கட்டிக்கொள்ள முடியாது. அரசு அதை நீதிபதி முன் நிரூபிக்கவேண்டும். அப்படி ஒரு விசாரணை நடந்ததா என்று கோப்பில் தேடுங்கள். நடக்காமலே அரசு தடம் மாறியிருந்தால் அதுவே உங்கள் வாதத்தின் முதல் பத்தி.

8. அன்றே ஆட்சேபித்தார்களா?

கட்சிக்காரரின் விசாரணை வக்கீல் அந்த இடத்திலேயே எழுந்து, ‘இது ஒப்பந்த மீறல்’ என்று சொன்னாரா என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. அவர் சொல்லியிருந்தால் சான்டோபெல்லோவின் பாதை திறக்கும். அங்கே, அரசு வக்கீல் பேச்சு தன்னைப் பாதிக்கவில்லை என்று நீதிபதியே சொன்னார். சுப்ரீம் கோர்ட் அதைச் சந்தேகிக்கவில்லை, ஆனாலும் தீர்ப்பை ரத்து செய்தது. வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதே போதுமானதாயிற்று.

சொல்லாவிட்டால் 2009-இன் பக்கெட் வழக்கு குறுக்கே நிற்கும். குற்றத்துக்குப் பொறுப்பேற்றதற்காக வழிகாட்டுக் கணக்கில் கிடைக்கும் மூன்று புள்ளிக் குறைப்புக்கு ஆதரவு தருவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. தண்டனை தள்ளிப்போன காலத்தில் பக்கெட் அஞ்சல் துறையை ஏமாற்றும் இன்னொரு வேலைக்கு உதவினார். அரசு குறைப்பை எதிர்த்தது. மீறல் என்று அவருடைய வக்கீல் அன்று சொல்லவில்லை. ஆகவே ‘வெளிப்படைப் பிழை’ அளவுகோல் பொருந்தும் என்றது நீதிமன்றம். பிழை இருக்கவேண்டும், அது பளிச்சென்று தெரியவேண்டும், தண்டனையைப் பாதித்திருக்கவேண்டும், நீதிமன்றத்தின் நம்பகத்தையே கெடுக்கும் அளவுக்கு இருக்கவேண்டும். பக்கெட் மூன்றாவதில் தோற்றார்: குற்றம் செய்துகொண்டே இருந்தவருக்கு அந்த நீதிபதி எப்படியும் குறைப்பு கொடுத்திருக்க மாட்டார்.

அதனால் ஆட்சேபணை இல்லாத கோப்பில் நீதிபதி தண்டனைக்குச் சொன்ன காரணங்களை வரிவரியாகப் படியுங்கள். அரசு வக்கீலின் சொல்லோ உவமையோ அவர் வாயில் திரும்ப வந்திருக்கிறதா? வந்திருந்தால் மூன்றாம் நிபந்தனைக்கு அதுதான் சாட்சி. ‘கடுமையாகப் பேசினார்’ என்று பொதுவாக முனகியதை ஆட்சேபணை என்று நம்பிவிடாதீர்கள். ‘ஒப்பந்தம்’, ‘மீறல்’ என்ற சொற்கள் பதிவில் இருக்கவேண்டும்.

நீங்களே அன்று நீதிமன்றத்தில் இருப்பவர் என்றால், ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்ட பத்திக்கு ஒரு நிறத்தாள் ஒட்டிக் கையில் வைத்திருங்கள். பேச்சின் நடுவே எழுவது அநாகரிகம் என்று தயங்கி, முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், நீதிபதி தண்டனையை வாசிக்க ஆரம்பித்திருப்பார்.

9. என்ன கேட்பது என்று கட்சிக்காரரிடம் பேசுங்கள்

பரிகாரம் இரண்டு. ஒன்று, வேறொரு நீதிபதி முன் புதிதாகத் தண்டனை விசாரணை. அரசு இந்த முறை வாக்கைக் காப்பாற்றவேண்டும். மற்றது, குற்ற ஒப்புதலையே திரும்பப் பெறுவது. எது என்பதை முடிவு செய்வது நீதிமன்றம் என்றாலும், எதைக் கேட்பது என்று முன்னதாகவே தெளிவாக இருக்கவேண்டும்.

ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் கைவிடப்பட்ட குற்றச்சாட்டுகளும் திரும்ப வரும். சிறையில் இருப்பவருக்குக் கோபத்தில் அதுவே நியாயமாகத் தோன்றும். ஒரு தாளின் இடப்பக்கம் இப்போதைய தண்டனையையும், வலப்பக்கம் எல்லாக் குற்றச்சாட்டுக்கும் சேர்த்து வரக்கூடியதையும் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலோர் முதல் பரிகாரத்துக்கே வருவார்கள்.

வேறு நீதிபதி என்பது பழைய நீதிபதி மீதான குறை இல்லை என்பதையும் மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சான்டோபெல்லோவிலேயே அப்படித்தான் சொல்லப்பட்டது: தவறு அரசு வக்கீலுடையது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்ததைக் கேட்காததாக ஆக்க முடியாது.

மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடுவதாக ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துபோகிறவர்கள் உண்டு. அரசு மீறியிருந்தால் அந்தக் கைவிடலைக் காட்டி அது தப்ப முடியாது என்றே பல வட்டங்கள் சொல்லியிருக்கின்றன. மனுவின் தொடக்கத்திலேயே இதைத் தனித் தலைப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மீறலைத் தொடும் முன்பே, அரசு மனுவைத் தள்ளுபடி செய்யக் கோரிவிடும்.

புது விசாரணைக்குத் தேதி குறித்தார்கள் என்றால், அன்று வரப்போவது மூன்றாவதாக ஒரு அரசு வக்கீலாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தின் நகலையும் மேல்முறையீட்டுத் தீர்ப்பையும் அவருக்கு முந்தின வாரமே அனுப்பி, கிடைத்ததற்குப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.